முத்துலட்சுமி அம்மையாரும் புற்றுநோயும்

தம் வீட்டுத் துயரை நாட்டின் துயராகக் கண்டு, அதற்கு மருந்து தேடியோர் உலகில் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையார், பெண்கள் கல்லூரிப் படி ஏறுவதை ஊரார் வெறுத்த காலத்தில் மன்னர் கல்லூரியில் பயின்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்.

ஆயினும் அவர் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. தங்கையாரின் மலக்குடலில் தோன்றிய புற்றைச் சீதபேதி என்று எண்ணி மருந்தளித்தனர். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவம் கற்ற தமக்கை இருந்தும் தங்கை பிழைக்கவில்லை!

புற்றுநோயாளர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்கு மருத்துவமனை எதற்கு என்று ஆட்சியாளரே தயங்கினர். அம்மையார் தளரவில்லை. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1968இல் அம்மையார் மறைந்தார்.

நோய் இன்னதென்று சரியாக அறிவதே பாதி மருத்துவம். இது அவர் வாழ்வு தரும் பாடம். இன்றைய அறிவியல் அதனை மேலும் ஓரடி கொண்டு சென்றுள்ளது. ஒரே பெயருடைய புற்றும் ஆளுக்கு ஆள் வேறு. உயிரணு பெருகும்போது மரபுச் செய்தியில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் சில புற்றுகளில் கெட்டுவிடுகின்றன. பிழை மலிந்த அப்புற்றை உடலின் காவற்படை அயலான் என எளிதில் அறியும். ஆனால் புற்று அப்படையின் கைகளைக் கட்டிவிடுகிறது. அக்கட்டை அவிழ்ப்பதே நோயெதிர்ப்பு மருந்தின் வேலை.

2022இல் வெளியான நியூயார்க் ஆய்வில், இத்தகைய மலக்குடற் புற்றுடைய 12 பேர் டோஸ்டார்லிமாப் என்னும் அம்மருந்தை மட்டுமே பெற்றனர். பன்னிருவரிடமும் புற்று சோதனைக்கு அகப்படாமல் மறைந்தது. ஆயினும் மலக்குடற் புற்றில் இவ்வகை நூற்றுக்கு 5 முதல் 10 வரையே. ஏனையோர்க்கு இம்மருந்தால் பயன் அரிது; பணமும் காலமுமே வீணாகும். யாருக்குப் பயன்படக்கூடும் என்பதை மரபணுச் சோதனை முன்கூட்டியே காட்டுகிறது.

தங்கையாரின் புற்று எவ்வகை என்று இனி எவரும் அறியார். இன்று வருவோர்க்கு அந்நிலை வேண்டா. நாம் வாழும் ஆனேக்கல் வட்டத்திலேயே, பொம்மசந்திரத்தில், பெரும் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அங்கு வரும் ஏழைக்கும், மருந்துக்கு முன்னே அச்சோதனை கிட்டவேண்டும். விலை குறைந்த சோதனை காண்பது அறிவியல் பயிலும் நம் கடன். தோழர்களே, அம்மையார்க்கு நாம் எடுக்கும் சிலை அதுவே!