ரம்ஃபோர்ட் பிரபு

ரம்ஃபோர்ட் பிரபு என அறியப்படும் பெஞ்சமின் தாம்சன் (மார்ச் 26, 1753 - ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்த இயற்பியலாளர், படை அதிகாரி, நிருவாகி ஆவார். விறகு எரிக்கும் வீட்டுக் கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதைக் கண்டு, குறைந்த விறகில் அறையை நன்கு சூடாக்கும் ரம்ஃபோர்ட் கணப்பை வடிவமைத்தார். வெப்பம் ஒரு பொருள் அன்று, அது இயக்கத்தின் ஒரு வடிவம் என்னும் கருத்துக்கு வலுவான சோதனைச் சான்று அளித்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமை

தாம்சன் அன்றைய பிரித்தானியக் குடியேற்றமான மாசச்சூசெட்சில், வோபர்ன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 13ஆம் வயதில், மாசச்சூசெட்சின் துறைமுக நகரான சேலத்தில் ஒரு வணிகரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். முறையான கல்வி குறைவாகவே கிடைத்தபோதிலும், ஹார்வர்டு கல்லூரியில் நடந்த இயற்பியல் விரிவுரைகளுக்கு நண்பருடன் நடந்தே சென்று பயின்றார்.

1772இல் நியூ ஹாம்ப்ஷயரின் கன்கார்டு நகரில் ஆசிரியரானார். அந்நகரின் முன்னைய பெயர் ரம்ஃபோர்ட் என்பதாகும். அங்கு சாரா என்னும் செல்வம் மிக்க கைம்பெண்ணை மணந்தார். 1774இல் இவர்களுக்கு ஒரு மகள் பிறந்தார்.

அமெரிக்க விடுதலைப் போர்

அமெரிக்க விடுதலைப் போரில் தாம்சன் பிரித்தானிய அரசின் பக்கம் நின்றார். புரட்சியாளர்கள் பற்றிய செய்திகளை மறைமையால் எழுதிப் பிரித்தானியத் தளபதிக்கு அனுப்பினார். ஊரில் எதிர்ப்பு வலுத்தபோது மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு வெளியேறினார். 1776இல் இலண்டன் சென்றார். மனைவியை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அம்மையார் 1792இல் இறந்தார். மகள் 1796இல்தான் தந்தையுடன் வந்து சேர்ந்தார்.

இலண்டனில் அரசுப் பணியாற்றியவாறே வெடிமருந்து பற்றிய சோதனைகளையும் மேற்கொண்டார். 1779இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பவேரியாவில்

1784இல் பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடரின் பணியில் சேர்ந்து, மியூனிக் நகரில் படையைச் சீரமைத்தார். 1790 சனவரி 1 அன்று நகரின் பிச்சைக்காரர்களை ஒரே நாளில் பிடித்து, உணவும் வேலையும் அளிக்கும் தொழில் இல்லத்திற்கு அனுப்பினார். அங்கு படைவீரர்களுக்கான உடைகள் தயாரிக்கப்பட்டன. இதனால் பலர் பசியின்றி வாழ்ந்தனர். எனினும் இத்திட்டம் வற்புறுத்தலில் தொடங்கியது என்பதையும் மறுக்க இயலாது.

பல பேருக்குக் குறைந்த விறகில் சமைக்க வேண்டிய தேவையே இவரை அடுப்பு ஆய்வுக்கு இட்டுச் சென்றது. திறந்த நெருப்பின் மேல் பாத்திரத்தைத் தொங்கவிடும் முறையை விடுத்து, நெருப்பைச் செங்கல் கட்டுக்குள் அடைத்துக் காற்றின் வரவைக் கட்டுப்படுத்தும் அடுப்புகளைக் கட்டினார். புகழ்பெற்ற ஆங்கிலத் தோட்டம் என்னும் மியூனிக் பூங்காவும் 1789இல் இவரது முயற்சியால் உருவானது. ஆட்சியாளர் இவருக்குக் கவுண்ட் என்னும் பிரபுப் பட்டம் அளித்தபோது, தாம் விட்டு வந்த ஊரின் பழைய பெயரையே பட்டப் பெயராகத் தேர்ந்தெடுத்தார்.

ரம்ஃபோர்ட் கணப்பு

கணப்பு என்பது குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கச் சுவரில் அமைக்கப்படும் திறந்த நெருப்பிடம் ஆகும். 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் கணப்புகள் ஆழமான சதுரக் குழிகளாகவும், புகைபோக்கியின் தொண்டை மிக அகலமாகவும் இருந்தன. நெருப்புக்குத் தேவையானதை விடப் பல மடங்கு காற்று அறையிலிருந்து உறிஞ்சப்பட்டு மேலே சென்றது. அவ்விடத்தை நிரப்பக் கதவு, சன்னல் இடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே வந்தது. நெருப்பின் முன் அமர்ந்தவரின் முகம் சுட்டது, முதுகு நடுங்கியது. புகையும் அறைக்குள் திரும்பியது.

திறந்த கணப்பு அறையைச் சூடாக்குவது பெரும்பாலும் வெப்பக் கதிர்வீச்சால் என்றும், சூடான காற்று மேலே சென்று விடுகிறது என்றும் ரம்ஃபோர்ட் உணர்ந்தார். எனவே கதிர்வீச்சை அறைக்குத் திருப்பவும், காற்றின் இழப்பைக் குறைக்கவும் பின்வரும் மாற்றங்களைச் செய்தார்.

- புகைபோக்கியின் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாகக் குறுக்கினார்.
- கணப்பின் ஆழத்தைக் குறைத்து நெருப்பை அறையை நோக்கி முன்னே கொண்டு வந்தார்.
- பின்சுவரின் அகலத்தை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக்கினார். பக்கச் சுவர்கள் பின்சுவருடன் 135 பாகைக் கோணத்தில் விரிந்து நின்றன.
- தொண்டைக்கு முன்புறச் சுவரின் விளிம்பை வளைவாக்கினார்; புகை சுழலாமல் வழுவழுப்பாக மேலேறியது.
- உட்சுவர்களுக்கு இரும்பை விடச் செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் ஏற்றவை எனப் பரிந்துரைத்தார்.
- புகைபோக்கியைத் துப்புரவு செய்வோர் ஏறிச் செல்லத் தொண்டையில் ஒரு கல்லைக் கழற்றி மாட்டும்படி அமைத்தார்.

இம்முறையை 1796இல் கட்டுரையாக வெளியிட்டார். இதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. எந்தக் கொத்தனாரும் சில செங்கற்களைக் கொண்டு பழைய கணப்பைத் திருத்த முடிந்ததால், குறுகிய காலத்தில் இலண்டனின் நூற்றுக்கணக்கான வீடுகளில் இது பரவியது. ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபி என்னும் புதினத்திலும் இக்கணப்பு இடம்பெற்றுள்ளது.

எனினும் இது திறந்த கணப்பே. நெருப்பு அணைந்த பின்னும் புகைபோக்கி திறந்திருந்தால் அறையின் வெப்பம் வெளியேறும். பிற்காலத்தில் தொண்டையை மூடும் தகடு, கண்ணாடிக் கதவு, எரிதலுக்கு வெளிக்காற்றைத் தனிக்குழாயில் கொணர்தல், கணப்புக்குள் பொருத்தும் மூடிய அடுப்பு ஆகியன இக்குறையைக் குறைத்தன. காற்றைக் கட்டுப்படுத்தினால் விறகு மிஞ்சும் என்னும் ரம்ஃபோர்டின் கொள்கையே இவற்றுக்கும் அடிப்படை.

வெப்பம் பற்றிய ஆய்வு

அக்காலத்தில் வெப்பம் என்பது கலோரிக் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாய்பொருள் எனக் கருதப்பட்டது. மியூனிக் படைத்தளவாடச் சாலையில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உலோகம் மிகுதியாகச் சூடேறுவதை ரம்ஃபோர்ட் கவனித்தார். மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகளால் சுழற்றி, அதைச் சுற்றி நீரை நிரப்பிச் சோதித்தார். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் நீர் கொதித்தது. உராய்வு தொடரும் வரை வெப்பமும் தீராமல் வந்தது. தீராமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமே என 1798இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். இக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1840களில் ஜூலின் அளவீடுகளுக்குப் பின்னரே நிலைபெற்றது.

பிற்காலம்

1799இல் ஜோசப் பேங்க்சுடன் இணைந்து இலண்டனில் அரச நிறுவனத்தை நிறுவினார். 1801இல் இளைஞர் ஹம்ப்ரி டேவி அங்குப் பணியில் அமர்த்தப்பட்டார். பின்னர் மைக்கேல் பாரடே தம் ஆய்வுகளை நடத்தியதும் அங்கேயே.

1805இல் பாரிசில், வேதியியலாளர் இலவாசியேயின் மனைவியாக இருந்து கைம்பெண்ணான மாரி ஆனை மணந்தார். கலோரிக் கோட்பாட்டை நிலைநாட்டியவர் இலவாசியே என்பது குறிப்பிடத்தக்கது. இம்மணம் நிலைக்கவில்லை, இருவரும் 1809இல் பிரிந்தனர். ரம்ஃபோர்ட் 1814இல் பாரிசை அடுத்த ஓத்தேயில் காலமானார்.

தமிழகச் சூழலில்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற வெப்பம் மிக்க ஊர்களில் வீட்டைச் சூடாக்கக் கணப்பு தேவைப்படுவதில்லை. உதகமண்டலம் போன்ற மலை ஊர்களில் ஆங்கிலேயர் காலத்து மாளிகைகளில் இவற்றைக் காணலாம். ஆயினும் இதே இயற்பியலைச் சமவெளியின் அடுப்படியிலும் காணலாம். ஆம்பூர் பிரியாணிக்குத் தம் போடும்போது, அடியில் விறகைக் குறைத்து, மூடியின் மேல் தணலைப் பரப்புகின்றனர். மூடியால் ஆவி வெளியேறுவதில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் சேர்கிறது. 1980களில் இந்திய அரசு பரப்பிய புகையில்லா அடுப்புகளும், நெருப்பை அடைத்துப் புகைக்குத் தனிவழி அமைக்கும் முறையைச் சேர்ந்தவையே. விறகு சுமப்பவர்களும் புகையில் சமைப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே என்பதால், அடுப்பின் திறன் அவர்களின் உழைப்பையும் உடல்நலத்தையும் சார்ந்த ஒன்றாகும்.

நினைவு

1796இல் ரம்ஃபோர்ட் அளித்த நிதியைக் கொண்டு, வெப்பம், ஒளி பற்றிய ஆய்வுகளுக்காக இலண்டன் அரச கழகமும் அமெரிக்கக் கலை அறிவியல் கழகமும் அவர் பெயரில் விருதுகள் ஏற்படுத்தின. பாரடே, பாஸ்டர், மாக்சுவெல் ஆகியோர் அரச கழகத்தின் விருதைப் பெற்றனர். அமெரிக்கக் கழகத்தின் விருதை 1957இல் பெற்றவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். விண்மீன்களில் கதிர்வீச்சு வழியே ஆற்றல் பரவுவது பற்றிய ஆய்வுக்காக அவருக்கு இது வழங்கப்பட்டது.