கில்பர்ட் சிலேட்டர்

கெடில ஆற்றின் கரையிலே, பண்ணுருட்டிக்கு அணித்தாக விளங்குவது திருவதிகை. அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகிய அத்தலத்திலேதான் திலகவதியார் திருத்தொண்டு புரிந்தார். அவர்தம் தம்பியார் திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கப் பெற்றார். அத்திருக்கோயிற் கற்களிலே பல்லவர் காலத்தும் சோழர் காலத்தும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் பல உள. தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தோர், நம் முன்னோர் நிலத்தை எத்துணை நுட்பமாக அளந்தனர் என்று வியப்பர். முதலாம் இராசராசன் காலத்திலே சோழநாடு அளக்கப்பட்டது. அளந்த அதிகாரி உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். பின்வந்த ஆங்கிலேயரும் புலம் புலமாக அளந்து, எண் இட்டுத் தீர்வை விதித்தனர்.

நிலத்தை அளந்தோர் இவ்வாறு பலர் இருந்தனர். அந்நிலத்தில் இறங்கி உழைத்தவன் என்ன உண்டான், எத்துணைக் கூலி பெற்றான், யாரிடம் கடன்பட்டான் என்பவற்றை ஊர்தோறும் கேட்டு எழுதியோர் நெடுங்காலம் வரையில் மிகச் சிலரே. அப்பணியைச் சென்னை மாநிலத்திலே ஒரு கல்வித்துறையாகத் தொடங்கி வைத்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். அவர் தேர்ந்துகொண்ட ஊர்களுள் ஒன்று திருவதிகைக்கு வடமேற்கே, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலே உள்ள இருவேல்பட்டு.

சிலேட்டர் 1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிளிமத்து என்னும் துறைமுக நகரிலே பிறந்தார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்திலே பயின்றபின், இலண்டன் பொருளியற் பள்ளியிலே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் இங்கிலாந்து நாட்டு உழவர் வரலாறு. அதனை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும்; ஏனெனில், பிற்காலத்தில் தமிழ்நாட்டு ஊர்களை அவர் கண்ட கண் அவ்வாராய்ச்சியிலே தெளிவுற்ற கண்ணாகும்.

பண்டைக்கால இங்கிலாந்தில் ஊர் வயல்கள் பல, வேலியின்றிப் பெரிய பரப்பாகக் கிடந்தன. ஒவ்வோர் உழவனுக்கும் அப்பரப்பிலே ஆங்காங்கே சிறு சிறு துண்டுகள் உரிமையாக இருந்தன. ஊருக்குப் பொதுவான புல்வெளியிலே ஏழையும் தன் பசுவை மேய்க்கலாம். புறம்போக்கிலே விறகு பொறுக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆங்கிலப் பாராளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களை இயற்றி, இப்பொது நிலங்களைப் பங்கிட்டு வேலியடைக்க இசைவளித்தது. விளைச்சல் பெருகியது என்பது உண்மை. ஆயினும், மேய்ச்சல் நிலத்தை இழந்த ஏழை பசுவை விற்றான். பிறகு தன் துண்டு நிலத்தையும் விற்றான். முடிவில் கூலியாளாகி, ஆலை நகரங்களை நாடி நடந்தான். இவ்வரலாற்றைச் சட்ட ஏடுகளைப் புரட்டியே எழுதிவிடலாம். சிலேட்டர் அதனோடு அமையவில்லை. பழைய பொதுவயல் முறை அழியாமல் எஞ்சியிருந்த இலாக்சுட்டன் முதலிய ஊர்களுக்கும் நேரே சென்று பார்த்தார். அவருடைய நூல் 1907-இல் வெளிவந்தது.

அவர் ஏட்டறிவோடு நில்லாதவர் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. இலண்டனை அடுத்த உல்விச்சு, பீரங்கித் தொழிற்சாலை அமைந்த தொழிலாளர் நகரம். அந்நகர ஆட்சி மன்றத்திலே பணியாற்றி, 1905-06-இல் நகரத் தலைவராகவும் விளங்கினார். வேலையின்றித் திண்டாடியோர் துயரை அவர் அண்மையிலிருந்து கண்டார். 1909-இல் ஆக்சுபோர்டிலுள்ள இரசுக்கின் கல்லூரியின் தலைமையை ஏற்றார். அக்கல்லூரி தொழிலாளர் கல்வி பெறுவதற்கென்றே 1899-இல் நிறுவப்பெற்றது. அவர் பொறுப்பேற்ற ஆண்டிலேதான், முன்னைத் தலைவர் நீக்கப்பட்டமை பற்றி மாணவர் வேலைநிறுத்தம் செய்து கல்லூரி கலங்கியிருந்தது. அந்நிலையிலே சென்று ஆறு ஆண்டுகள் அதனை நடத்தியது எளிய செயலன்று.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை இந்தியப் பொருளியற் பேராசிரியராக அழைத்தது. அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. அந்நாளிலே முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியா ஆங்கில ஆட்சியால் வளம் பெற்றதா, வறுமையுற்றதா என்னும் வழக்கும் ஓயாமல் நடந்தது. தாதாபாய் நவுரோசி போன்ற பெரியோர் நாட்டின் செல்வம் வெளியே வடிந்துபோகின்றது என்று கணக்குக் காட்டினர், ஆட்சியாளர் மறுத்துரைத்தனர். இருசாராரும் நாட்டின் மொத்தக் கணக்கையே பேசினர். ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, இவ்வூரில் இத்தனை வீடு, இத்தனை ஏர், இத்தனை கடன் என்று சொல்ல வல்லார் அரியராய் இருந்தனர்.

பொருளியல் பயின்ற மாணவர் நிலையோ இரங்கத்தக்கது. மேனாட்டு நூல்களை உருப்போட்டு, மாஞ்செசுட்டர் ஆலையின் கூலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். தம் வீட்டுக் களத்திலே நெல் அளக்கப்படும் முறையைக் கேட்டால் விழிப்பர். மாணவரிற் பலர் சிற்றூர்களிலிருந்து வந்தோர் என்பதைச் சிலேட்டர் கண்டார். தாம் அந்நாட்டு மொழி அறியாத அயலார். அவர்களோ அவ்வூரிலேயே பிறந்தோர். ஆசிரியன் அறியாததை மாணவன் அறிவான் என்று ஒப்புக்கொள்ள எல்லா ஆசிரியர்க்கும் மனம் வருவதில்லை. அவருக்கு வந்தது.

அவர் வினாத்தாள் ஒன்றை அமைத்தார். நிலம், நீர்ப்பாசனம், பயிர், கால்நடை, கைத்தொழில், கூலி, கடன், உணவு என்று ஊர் வாழ்வின் பல கூறுகளையும் பற்றி அதிலே வினாக்கள் இருந்தன. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவரிடம் அதனைக் கொடுத்து, வீடு வீடாகக் கேட்டு எழுதி வருமாறு பணித்தார். தாமும் சில ஊர்களுக்குச் சென்று கண்டார். 1916-இல் தொடங்கிய இம்முயற்சியின் பயனாக, தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூல் 1918-இல் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியைச் சார்ந்த கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வடவார்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு என்னும் தமிழ் ஊர்களோடு மலையாள நாட்டு ஊர்களும் அதிலே இடம் பெற்றன.

இருவேல்பட்டைப் பற்றி எழுதிய மாணவர் அவ்வூர்ப் பெருநிலக்கிழார் குடும்பத்திலே தோன்றியவர். ஊர் நிலத்தின் பெரும்பகுதி சிலர் கையிலே இருந்தது. உழவுத் தொழிலோ படியாட்களின் உழைப்பால் நடந்தது. படியாள் என்னும் சொல்லே அவ்வாழ்வைக் காட்டும். நாள்தோறும் படியால் அளந்து கொடுக்கும் தானியத்துக்கு உழைப்பவன் படியாள். அவனுக்கு நிலம் இல்லை. கையிலே காசும் இல்லை. தன் திருமணத்துக்கோ மகன் திருமணத்துக்கோ நிலக்கிழாரிடம் சிறு தொகை கடன் வாங்குவான். கடனைத் திருப்பும்வரை அவரிடமே ஊழியம் செய்வதாக ஒப்புவான். படியளந்த தானியம் வயிற்றுக்கே போதாதபோது, கடனை எவ்வாறு திருப்புவது? தந்தை பட்ட கடன் மகன் தலையிலே ஏறும். சட்டத்தின்படி அடிமை முறை ஒழிந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவன் அடிமையை ஒத்தே வாழ்ந்தான். இச்செய்தி அச்சேறிப் பல்கலைக்கழக நூலாக வெளிவந்தது. தன் வீட்டுக் களத்தின் கணக்கைத் தானே எழுதிக் காட்டிய அம்மாணவரின் நேர்மையும் மதிக்கத்தக்கதே.

அம்முறையிலே குறையும் இல்லாமலில்லை. வினாத்தாளைக் கொண்டு சென்றோர் கல்லூரி மாணவர். அந்நாளிலே கல்லூரி ஏறியோர் பெரும்பாலும் நிலமுடைய குடும்பத்தார். அவர் கேட்ட வினாக்களுக்குப் படியாள் அஞ்சி ஒடுங்கி நின்று என்ன விடை சொல்லியிருப்பான்? அவன் வீட்டுப் பெண்டிரை யார் கேட்டார்? வயலிலே நாற்று நட்டுக் களையெடுத்தவர் அப்பெண்டிரே. தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. எனினும் தொண்டைமண்டலம், சோழநாடு, பாண்டிநாடு என்று பழம் பெருமை பேசிக்கொண்டிருந்த காலத்திலே, அந்நாடுகளின் சேரி வரையில் நடந்து சென்ற பொருளியல் அது. அவ்வளவுக்கேனும் அதனைப் போற்றல் தகும்.

சிலேட்டர் 1921 வரையில் பேராசிரியர் பதவியிலே இருந்தார். தமிழ் மக்களோடு பழகிய அவருக்கு அவர்தம் பழமையிலே ஈடுபாடு மிக்கது. இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூற்றை ஆராயும் நூலொன்றை 1924-இல் வெளியிட்டார். இந்திய நாகரிகத்தின் அடித்தளத்திலே திராவிடர் பங்கு பெரிது என்பது அதன் கருத்து. சிந்துவெளியிலே பழைய நகரங்கள் புதையுண்டு கிடந்த செய்தியைச் சர் சான் மார்சல் உலகுக்கு அறிவித்ததும் அதே 1924-ஆம் ஆண்டிலேதான். இன மரபுகளைப் பற்றியும் எகிப்து முதலிய நாட்டுத் தொடர்பு பற்றியும் சிலேட்டர் கூறியவற்றுட் பலவற்றை இக்கால ஆராய்ச்சியாளர் கைவிட்டனர். சேக்சுபியர் நாடகங்களை இயற்றியவர் ஒருவரல்லர், எழுவர் என்றும் அவர் 1931-இல் ஒரு நூல் எழுதினார். புலவர் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. எண்ணிப் பார்த்து எழுதியபோது ஊன்றி நின்ற அவர், ஊகித்து எழுதியபோது சற்றே வழுக்கினார் எனலாம். வறுமையும் அரசும் பற்றிய நூலை 1930-இலும், தென்னிந்தியாவின் அரசியல் பொருளியற் சிக்கல்களைக் கூறும் நூலை 1936-இலும் வெளியிட்டு, 1938-இல் மறைந்தார்.

அவர் மறையுமுன்பே அவர் விதைத்தது மீண்டும் முளைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. சே. தாமசும் கே. சி. இராமகிருட்டிணனும் 1936-37-இல் பழைய ஊர்களை மறுபடியும் ஆராய்வித்தனர். அந்நூல் 1940-இல் வந்தது. இருபது ஆண்டு இடைவெளியிலே ஓர் ஊர் எவ்வாறு மாறிற்று என்பதை ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. முதற்கணக்கு இல்லையேல் இரண்டாம் கணக்குக்குப் பொருளில்லை அன்றோ?

நாடு விடுதலை பெற்றபின் தென்னார்க்காட்டின் தோற்றமே மாறியது. நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரி தோண்டுவதற்கென 1956-இல் அரசு நிறுவனம் அமைந்தது. சோவியத்து நாட்டின் ஒத்துழைப்போடு எழுந்த அனல்மின் நிலையத்திலே 1962-இல் மின் உற்பத்தி தொடங்கியது. ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளிலே மின்பொறிகள் ஓடலாயின. சுரங்கத்துக்கு இடம் விட்ட சிற்றூர்களும் உண்டு. இம்மாறுதலின் தொடக்கத்திலே, 1961-இல், ஆக்சுபோர்டைச் சேர்ந்த மார்கரெட்டு ஆசுவெல் அம்மையார் இருவேல்பட்டுக்கு வந்து ஆராய்ந்து, அதனைக் கொண்டு 1967-இல் நூல் வெளியிட்டார். 1981-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த எசு. குகனும், அமெரிக்க மானிடவியல் அறிஞர் சோன் மென்சர் அம்மையாரும் அதே ஊரை ஆராய்ந்தனர். நாடு பல, மொழி பல ஆயினும், அவர்கள் கையிலே இருந்த பழங்கணக்கு ஒன்றே.

1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டது. திருவதிகை கடலூர்ப் பக்கம் நின்றது. இருவேல்பட்டு விழுப்புரம் மாவட்டத்திலே சேர்ந்தது. 2008-இல் சான் ஆரிசு, செ. செயரஞ்சன், க. நாகராசு என்னும் மூவர் அவ்வூருக்கு மீண்டும் சென்றனர். பெருநிலக்கிழார் பிடி தளர்ந்திருந்தது. ஆடவர் பலர் வயலை விட்டு வேறு தொழில்களுக்குச் சென்று வந்தனர். நியாயவிலைக் கடை அரிசி அடுப்பேறியது. படியளப்பவரை எதிர்நோக்கி நிற்கும் நிலை பெரிதும் அகன்றிருந்தது. சாதிப் பிரிவு ஒழிந்தபாடில்லை. ஆனால் 1916-இல் அம்மாணவர் எழுதிய படியாள் முறை மறைந்து போயிருந்தது.