ஊர்தி வல்லுநர் பென்ட்லி

இலண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் வால்டர் ஓவன் பென்ட்லி பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் ஒன்பதின்மர். அவருள் இவரே கடைசிப் பிள்ளை. இளமை முதற்கொண்டே இவர்க்குப் புகைவண்டியின்மீது தீராத வேட்கை. ஆதலின், தம் பதினாறாம் வயதிலேயே பள்ளியை விடுத்து, 1905-இல் டான்காஸ்டர் நகரத்துப் புகைவண்டிப் பட்டறையில் பயிற்சி பெறச் சேர்ந்தார். செல்வக் குடியிற் பிறந்த அவ்விளைஞர், கரியும் எண்ணெயும் படிந்த உடையோடு ஐந்தாண்டுகள் அங்கே உழைத்தார். அங்கு அவர் கண்ட ஒன்று, பின்னாளில் எதிர்பாராத இடத்தில் பயன்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1912-ஆம் ஆண்டில் பென்ட்லியும் அவர்தம் தமையனாரும் சேர்ந்து, டி.எப்.பி. என்னும் பிரெஞ்சு நாட்டுக் கார்களை இலண்டனில் விற்கலாயினர். அக்கார்கள் உறுதியானவை, ஆயினும் விரைவில் முதன்மையானவை அல்ல. பந்தயத்தில் வென்ற வண்டியையே மக்கள் நாடி வாங்கினர். பெரிய எஞ்சின் செய்து பொருத்தப் பொருள் இல்லை. இருக்கும் சிறிய எஞ்சினிலிருந்தே மிகுந்த ஆற்றலைப் பெறுதல் வேண்டும். என் செய்வது?

1913-இல் பென்ட்லி பிரான்சிலிருந்த அத்தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே ஒரு மேசையின்மேல், தாள் பறவாதிருக்க வைக்கும் சிறு பாரம் ஒன்று கிடந்தது. அது பிஸ்டன் வடிவில் அலுமினியத்தால் செய்யப்பட்டது. பலரும் அதனைப் பார்த்திருப்பர். பார்த்தவர் எல்லாரும் கண்டாரல்லர். மெய்யான பிஸ்டனையே இவ்வுலோகத்தாற் செய்தால் என்ன என்று பென்ட்லி எண்ணினார். அலுமினியம் எஞ்சினின் வெப்பத்தைத் தாங்காது என்பதே அக்காலத்தார் பலர் கருத்து. அவரோ செம்பு கலந்து அதற்கு வலிமை ஊட்டச் செய்தார். இரும்புப் பிஸ்டனினும் அது மிக எடை குறைந்தது. ஆதலின் எஞ்சின் முன்னினும் விரைந்து சுழன்றது.

விரைந்து சுழன்றால் மட்டும் போதுமா? போதாது. எஞ்சினுள் எரிபொருளும் காற்றும் புகுதற்கும், எரிந்த புகை வெளியேறுதற்கும் வால்வுகள் என்னும் வாயில்கள் உண்டு. அவற்றைத் திறப்பது காம்ஷாப்ட் என்னும் தண்டு. நெம்புருள் தண்டு என்று தமிழிற் கூறலாம். அத்தண்டின்மீது முட்டையின் கூர்முனை போன்ற புடைப்புகள் இருக்கும். தண்டு சுழலுங்கால் புடைப்பு வால்வை நெம்பித் திறக்கும். புடைப்பு நீங்கியதும் சுருள்வில் அதனை மூடும். புடைப்பு உயர்ந்தால் வாயில் அகலத் திறக்கும். அகன்றால் நெடுநேரம் திறந்திருக்கும். செய்யுளுக்கு மாத்திரை எத்தகையதோ, எஞ்சினுக்கு இத்திறப்பின் கால அளவு அத்தகையது. சிறிது பிழைப்பினும் ஓசை கெடும்.

விரைந்து சுழலும் எஞ்சினுக்கு மூச்சு விடும் காலம் குறைவு. ஆதலின் அதன் வாயில்கள் நெடிது திறந்திருத்தல் வேண்டும். ஆனால் அளவு கடந்து திறந்திருப்பின், மெல்லச் செல்லும்போது வண்டி திணறும், இழுவிசை குன்றும். வண்டி எவ்வேகத்தில் மிகுதியாக ஓடவேண்டும் என்பதை முதலில் தெளிந்து, அதற்கேற்ற தண்டினையே தெரிந்து கொள்ளவேண்டும். பொருத்துவதிலும் கருத்து வேண்டும். பெரிய சுழல்தண்டு இருமுறை சுற்றினால் இத்தண்டு ஒருமுறை சுற்றும். பற்சக்கரத்தில் ஒரு பல் பிசகினும் வாயில்கள் காலந்தவறித் திறக்கும்.

பென்ட்லி புதிய பிஸ்டன்களோடு மாற்றியமைத்த காம்ஷாப்டையும் டி.எப்.பி. வண்டியிற் பொருத்தினார். 1913, 1914 ஆகிய ஆண்டுகளில் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் அவ்வண்டி தன் வகுப்பிற் பல சாதனைகளை நாட்டியது. காரணம் யாது என எவரும் அறியார். சகோதரர் இருவரும் அம்மறையைப் போற்றிக் காத்தனர். அவர்தம் வாணிகமே அதனால்தான் வளர்ந்தது.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. வானூர்தி எஞ்சின்களுக்கு அலுமினியப் பிஸ்டன் பெரிதும் பயன்படும் என்று பென்ட்லி உணர்ந்தார். மறையை வெளியிட்டால் போருக்குப்பின் போட்டியாளர் அனைவரும் அதனைக் கைக்கொள்வர். ஆயினும் அவர் கடற்படைத் துறையினரிடம் அதனைத் தாமே சென்று கூறினார். ரோல்ஸ் ராய்ஸ் முதலிய தொழிற்சாலைகளுக்கும் சென்று விளக்கினார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இச்செயலே. பந்தய வெற்றிகள் இதற்கு அடுத்தனவே.

போர் முடிந்தபின், 1919-இல், தம் பெயரால் ஒரு குழுமம் நிறுவினார். அவர் படைத்த மூன்று லிட்டர் காரில் காம்ஷாப்ட் எஞ்சினின் தலைமேலேயே அமைந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் இருந்தன. அடுத்து வந்த ஆறரை லிட்டர் காரில்தான் புகைவண்டிப் பட்டறைப் பயிற்சி தலைகாட்டியது. புகைவண்டியின் சக்கரங்களைப் பிணைக்கும் கோல்களைப் போன்ற மூன்று கோல்களாலேயே அதன் காம்ஷாப்டைச் சுழற்றினார். பற்சக்கரத்தின் இரைச்சல் அடங்கிற்று.

பிரான்சிலுள்ள லெமான் நகரத்து இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் பென்ட்லி கார்கள் 1924-இலும், 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகளும் வென்றன. அந்நாளில் பர்க்கின் என்னும் ஓட்டுநர், காற்றை வலிந்து ஊட்டும் சூப்பர்சார்ஜர் கருவியை எஞ்சினிற் பொருத்த விரும்பினார். பென்ட்லி அதனை ஒப்பவில்லை. எஞ்சின் இயல்பாகவே நன்கு மூச்சுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. குழுமத்தின் பொருள்முதல்வர் பர்க்கின் பக்கம் நின்றமையால் பென்ட்லியின் சொல் எடுபடவில்லை. அக்கருவி பூண்ட கார்களோ லெமானில் ஒருமுறையேனும் வென்றதில்லை.

வெற்றி குவிந்தது, செல்வம் குவியவில்லை. 1931-இல் குழுமம் கடனில் மூழ்கியது. போர்க்காலத்தில் அவரிடம் பிஸ்டன் மறையைக் கேட்டறிந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே அதனை விலைக்கு வாங்கிற்று. பென்ட்லி என்னும் பெயரும் குழுமத்தோடு சென்றது. தாம் படைக்கும் காருக்குத் தம் பெயரை இடும் உரிமையும் அவர்க்கு இல்லாமற் போயிற்று. சில ஆண்டுகள் அந்நிறுவனத்திற் பணியாற்றியபின், 1935-இல் லகோண்டா நிறுவனத்திற் சேர்ந்தார். அங்கே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். அது பூண்ட இரு கார்கள் 1939-ஆம் ஆண்டு லெமான் பந்தயத்தில் மூன்றாம் நான்காம் இடங்களைப் பெற்றன. அவர் மேற்பார்வையில் அங்கு உருவான மற்றோர் எஞ்சின், இரண்டு காம்ஷாப்டுகள் உடையது, பின்னர் ஆஸ்டன் மார்ட்டின் கார்களில் இடம்பெற்றது.

பழைய பென்ட்லி கார்களைப் பேணுவோர் 1936-இலேயே ஒரு சங்கம் அமைத்தனர். முதுமையில் அவர்களோடு அளவளாவுவதில் பென்ட்லி மகிழ்ந்தார். 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.