சூரியன் வெடித்ததைப் பார்த்த பீர் ஆலை முதலாளி: யார் இந்த கேரிங்டன்?

1859 செப்டம்பர் 1, காலை 11.18. லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில் இருந்த தன் சொந்த ஆய்வகத்தில், டெலஸ்கோப் வழியாகத் திரையில் விழுந்த சூரிய பிம்பத்தைப் பார்த்து கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார் ரிச்சர்ட் கேரிங்டன். திடீரென ஒரு புள்ளிக்கூட்டத்தின் மேல் கண் கூசும் இரண்டு வெள்ளை ஒளித்திட்டுகள். சாட்சிக்கு யாரையாவது கூட்டி வர ஓடினார். ஒரு நிமிஷத்தில் திரும்பினால், அதற்குள் ஒளி மங்கிவிட்டது. மொத்தமே ஐந்து நிமிஷம்தான்! நல்லவேளை, ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறொரு இடத்திலிருந்து அதைப் பார்த்திருந்தார்.

சுமார் 17 மணி நேரம் கழித்து பூமியின் காந்தப்புலமே ஆட்டம் கண்டது. கியூ ஆய்வகத்தின் காந்தமானிகளில் பெரும் புயல் பதிவானது. அமெரிக்காவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெறும் கம்பியில் ஓடிய மின்சாரத்திலேயே தந்தி அடித்தார்கள். துருவ ஒளி கியூபா வரைக்கும் தெரிந்தது.

சூரியன்தான் காரணமா? கேரிங்டனுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனா ஒரே ஒரு சம்பவத்தை வைத்து அடித்துச் சொல்ல அவர் தயாராக இல்லை.

1826-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பு, டர்ஹாம் ஆய்வகத்தில் வேலை. அங்கே நல்ல கருவிகள் கிடைக்காததால் விலகி, அப்பாவின் பீர் ஆலைப் பணத்தில் சொந்த ஆய்வகம் கட்டினார். 3,735 நட்சத்திரங்களின் பட்டியல் போட்டார். சூரியனின் நடுப்பகுதி மற்ற இடங்களைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டியவரும் இவரே. 1858-ல் அப்பா இறக்க, ஆலை இவர் தலையில் விழுந்தது. 1861-ல் கரும்புள்ளி கணக்கெடுப்பு நின்றேபோனது. 1875-ல், மனைவி இறந்த சில நாள்களிலேயே, 49 வயதில் காலமானார்.

விடை? அது அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. 1892-ல் கெல்வின் பிரபு கணக்குப் போட்டு, இவ்வளவு தூரத்திலிருந்து சூரியன் காந்தப்புயலை உண்டாக்க முடியாது என்று தள்ளிவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று, நடுவில் வீசும் சூரியக் காற்று. 1958-ல் யூஜின் பார்க்கர் அதைக் கணித்தார்; 1962-ல் மரைனர் 2 விண்கலம் உறுதி செய்தது. சூரியன் கக்கும் பிளாஸ்மா மேகம் 1971-ல்தான் விண்வெளியிலிருந்து முதல்முறை படத்தில் சிக்கியது. அந்த மேகம் சூரியக் காற்றை முட்டித் தள்ளியபடி வந்து பூமியில் மோதுவதுதான் புயல். வழக்கமாக இதற்கு இரண்டு, மூன்று நாள் ஆகும். 1859-ல் வந்தது அசுர வேகம்.

இப்போது நம்ம ஆதித்யா-எல்1 செய்வதும் இதே வேலைதான். ஒரு கருவி சூரியனுக்குப் பக்கத்தில் நடக்கும் வெடிப்பைப் படம் பிடிக்கும். இன்னொன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, வந்து சேரும் காற்றை அளக்கும். சூரியனின் சுழற்சிகளை விஞ்ஞானிகள் இன்றும் கேரிங்டன் எண் போட்டுத்தான் எண்ணுகிறார்கள். எண் 1 தொடங்கியது 1853 நவம்பரில்.