பொறிக்கு மொழி பயிற்றிய அம்மையார்

மாந்தர் தம் கருத்தைச் சொற்களால் உணர்த்துவர். கணிப்பொறியோ சொல்லை அறியாது, எண்குறிகளையே அறியும். ஆதலின் இரண்டிற்கும் இடையே ஒரு துபாசி வேண்டும். அத்துபாசியின் தொழிலையும் பொறியே செய்யும் என்று காட்டிய முன்னோடி கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

இவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழாண்டுச் சிறுமியாய் இருந்தபோது, கடிகாரம் இயங்கும் விதத்தை அறிய விரும்பி, வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் கழற்றிவிட்டார். கணிதம் பயின்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர விழைந்தார். அகவையும் எடைக்குறைவும் தடையாய் நின்றன. அவர் தளர்ந்திலர், 1943இல் சிறப்பு இசைவு பெற்றுச் சேர்ந்தார். மறு ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் பெரும்பொறிக்குக் கட்டளை எழுதும் பணி அவரை வந்தடைந்தது.

அந்நாளில் கட்டளைகளை எண்வடிவில் கையால் எழுதினர். முன்பு எழுதிய பகுதிகளைக் குறிப்பேடுகளிலிருந்து படியெடுக்குங்கால் பிழைகள் மலிந்தன. சலிப்பின்றிப் படியெடுக்க வல்லது பொறியே அன்றோ என அம்மையார் எண்ணினார். பிழையற்ற பகுதிகளைக் காந்த நாடாவில் பதித்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் அழைப்பெண் இட்டார். அவ்வெண்களை வரிசையாகத் தந்தால், உரிய பகுதிகளைப் பொறியே தேடி எடுத்து இணைத்துக்கொள்ளும். 'தொகுப்பி' எனப்பட்ட இவ்வமைப்பு 1952இல் யூனிவாக் பொறியில் இயங்கியது.

பொறி கணக்கிடுமேயன்றிக் கட்டளை எழுதாது எனப் பலரும் நம்ப மறுத்தனர். அம்மையார் செய்து காட்டியே அவர்க்கு விடையிறுத்தார். பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வழி கண்டார். அதே கட்டளையைப் பிரெஞ்சிலும் செருமானியத்திலும் தந்து இயக்கிக் காட்டியபோது மேலாளர்கள் மருண்டனர். எம்மொழிச் சொல்லும் பொறிக்கு ஒரு குறியே. அக்குறிக்கு உரிய செயலை வகுத்துத் தந்தால் போதும் என்பதை அம்மையார் தெளிந்திருந்தார். இம்முயற்சியில் தோன்றிய ஃபுளோமேட்டிக் மொழி, 1959இல் அறிஞர் குழு வகுக்கத் தொடங்கிய கோபால் மொழிக்கு அடிப்படையாயிற்று. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் கோபாலை ஏற்றுக்கொண்டன.

கடற்படையில் ரியர் அட்மிரல் என்னும் உயர்நிலை எய்திய அம்மையார், 1986இல் தம் 79ஆம் அகவையில் ஓய்வு பெற்றார். 1992 சனவரி முதல் நாள் இயற்கை எய்தினார். கணித வல்லுநர் சிலர்க்கே உரியதாயிருந்த பொறியைக் கணக்கரும் வணிகரும் ஏவுமாறு செய்த பெருமை அவருக்கு உண்டு. அரிய கல்வியைத் தம்மளவில் காத்து வைப்பதினும், பிறர்க்கும் அதனை எளிதாக்குதல் சிறந்தது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.