எலிக்கு வைத்த ரொட்டி

புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஒரு டாக்டருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் அவர் கண்டது தவறு. உண்மை, எலிகளுக்கு அவர் வைத்த தீனியிலேயே இருந்தது!

அவர் பெயர் ஜோகன்னஸ் பிபிகர். டென்மார்க் நாட்டில் சில்கபோர்க் என்ற ஊரில் 1867-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனாரும் டாக்டர். மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாயார் கோபன்ஹேகன் நகருக்குப் போய், தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். பிறகு ஒரு சமையல் பள்ளிக்கூடம் நடத்தினார்.

பிபிகர் கவனக்குறைவான மனிதர் அல்ல. டிப்தீரியா என்னும் தொண்டை நோய்க்குப் புது ஊசி மருந்து வந்தபோது, ஒரு நாள் வந்த நோயாளிகளுக்கு அதைப் போட்டார். மறுநாள் வந்தவர்களுக்குப் போடவில்லை. இப்படி 484 பேரை ஒப்பிட்டுப் பார்த்து, மருந்து பலிக்கிறது என்று 1898-ல் நிரூபித்தார்.

1907-ல் மூன்று எலிகளின் வயிற்றில் கட்டியைக் கண்டார். கட்டிக்குள் புழு இருந்தது. புழுதான் காரணமோ?

ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தார். ஒன்றிலும் அந்தப் புழு இல்லை! கடைசியில் ஒரு சர்க்கரை ஆலையில் அகப்பட்டது. அங்கே எலியும் ஏராளம், கரப்பான் பூச்சியும் ஏராளம். கரப்பான் உடம்பில் புழுவின் குஞ்சு வளர்கிறது. அதைத் தின்ற எலியின் வயிற்றில் புழு குடியேறுகிறது.

நல்ல எலிகளுக்குக் கரப்பானைத் தின்னக் கொடுத்தார். கட்டி வந்தது! 1913-ல் இதை வெளியிட்டார். உலகமே வியந்தது. 1926-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை 1927 டிசம்பரில் பெற்றுக்கொண்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1928 ஜனவரி 30-ந் தேதி மாரடைப்பால் காலமானார். அவருடைய குடலிலும் புற்று இருந்தது.

அவர் எலிகளுக்குக் கொடுத்த தீனி, வெள்ளை ரொட்டியும் தண்ணீரும். அதில் வைட்டமின் ஏ இல்லை. அந்தச் சத்து குறைந்தால் எலியின் இரைப்பையில் உள்தோல் தடித்துக் கரடாகும். அங்கே புழுவும் குடைந்தால் கட்டிபோலப் புடைக்கும். புழுவைச் சந்தேகித்தவர் ரொட்டியைச் சந்தேகிக்கவில்லை. அவர் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. அவர் கட்டுரை வெளிவந்த அதே 1913-ல்தான் அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் எலிகளுக்குத் தீனியை மாற்றிக் கொடுத்துத்தான்!

ஹிட்ச்காக், பெல் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1952-ல் பிபிகரின் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்த எலிகளுக்குப் புழு இருந்தும் பெரிய கெடுதல் இல்லை. சத்துக் குறைந்த எலிகளுக்குத்தான் பெரிய கட்டிகள் வந்தன. அவையும் புற்றுநோய் அல்ல.