வீடுதோறும் சென்ற அறிஞர்

ஏழ்மைக்குக் காரணம் பிறவிக் கோளாறா, சமுதாய அமைப்பா? வீடு வீடாகச் சென்று விடை கண்டவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ்.

1868இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர். 1895இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். நகரின் சீர்கேட்டுக்கெல்லாம் கறுப்பர்களே காரணம் என்று பிலடெல்பியாவில் பழி சுமத்தப்பட்ட காலம் அது. 1896இல் அம்மக்கள் வாழ்ந்த வட்டாரத்திலேயே குடியேறினார். என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை வாடகை என்று படியேறிக் கேட்டார். கண்டதை 1899இல் நூலாக்கினார். நிறம் பார்த்து வேலையை மறுத்தார்கள், கூலியைக் குறைத்தார்கள், வாடகையைக் கூட்டினார்கள். வறுமையும் குற்றமும் அதில் விளைந்தவை என்று மெய்ப்பித்தார்.

தனிமனிதன் துயரத்துக்குப் பின்னால் நிற்கும் அமைப்பைக் கண்டறிவதே சமூகவியல், தோழர்களே!

1963 ஆகஸ்ட் 27இல் கானாவில் அவர் கண்மூடினார். மறுநாள் வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையும் விடுதலையும் கேட்டு அணிவகுத்தனர்.